தூக்கி விடச் சொல்லி நீட்டின கை

1

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். ரெண்டு தடவ ஆரம்பிச்சு, ரெண்டு தடவயும் ஃபோன கவுத்து வெச்சுட்டுப் போயி துணி துவைச்சேன். துணி துவைக்கிறதே மேல்னு தோணுச்சுன்னா பாத்துக்கங்க.

பொன்மலை மன்றத்துலேர்ந்து ஆண்டு மலர் போடுறோம், வெளிநாட்டுல இருக்கற பசங்க ஆளுக்கு ஒண்ணு எழுதணும்னு குரூப்புல போட்டீங்க. யாருடா எடிட்டருன்னு பாத்தா, பத்தாவதுல எனக்குப் பக்கத்துல உக்காந்து, என்னப் பாத்து எழுதி, என்னோட சேந்து தமிழ்ல ஃபெயிலான ஆளு. மலர் நல்லா விளங்கும்.

"பெரிய பில்டிங் முன்னாடி நின்னு ஒரு போட்டோ அனுப்பு"ன்னு வேற கேட்டிருக்கீங்க. பில்டிங் முன்னாடி நான் நிக்கறதில்லங்க. பில்டிங்ல கயித்தக் கட்டித் தொங்கறேன். கீழேர்ந்து எடுத்தா செருப்பு மட்டும்தான் தெரியும். அத வேணா அட்டையில போட்டுக்கங்க.

அப்பறம் ஏன் எழுத உக்காந்தேன்னா, போன வாரம் நாங்க தங்கியிருக்கற கேம்ப்ல ஒரு செவுத்துக்கு பெயின்ட் அடிச்சேன். சின்ன செவுருதான். ஆனா அதுலேர்ந்து திருச்சி செவுரு ஒண்ணு தலைக்குள்ள வந்து நிக்குது, நகர மாட்டேங்குது. யார்கிட்டயாவது சொல்லிட்டா போயிடும்னு பாக்கறேன். நீங்கதான் மாட்டுனீங்க.

2

ஷார்ஜால நான் பெயின்டர். விசாவுல கார்பென்டர். ஏன்னு கேக்காதீங்க, கார்பென்டர் விசாதான் கெடச்சுதாம், கம்பெனிக்கு அதுல என்னவோ வசதி. செக்கிங் வர்றாங்கன்னு தகவல் வந்தா பிரஷ்ஷ ஒளிச்சு வெச்சுட்டு ஒரு சுத்தியல கையில குடுப்பாங்க. மேலெல்லாம் பெயின்ட்டு வழிய, கையில சுத்தியலோட நிப்பேன். வந்தவரு ஒரு தடவ என்னய ஏற எறங்கப் பாத்து இந்தியில என்னவோ கேட்டாரு. நான் எனக்குத் தெரிஞ்ச இந்தியில "டேபிள் கலர் கரேகா"ன்னேன், மேசைக்குக் கலர் அடிப்பேன்னு. அவரே சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

ரூம்ல எட்டுப் பேரு. என் கட்டிலுக்கு மேல் கட்டில் நசீர் பாய், டாக்காக்காரர். அவரு பொண்ணுகிட்ட வீடியோ கால் பேசுவாரு. அந்தப் பாப்பா ரெண்டு வார்த்த பேசிட்டு ஃபோன எடுத்துக்கிட்டு ஓடிடும், மிச்ச நேரம் அவரு வீட்டு மேல்கூரையத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு. கட் பண்ண மாட்டாரு. ஃபேன் சுத்தறதப் பாத்துக்கிட்டே படுத்திருப்பாரு.

பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீஸ்ல ஒரு இரும்பு லாக்கர்ல இருக்கு. வந்த அன்னிக்கு வாங்கி வெச்சாங்க. பத்திரமா இருக்கட்டும்னுதானாம்.

போன வாரம் காலைல பாத்ரூமுக்குப் பின்னாடி செவுத்துல யாரோ கரியில ஒரு படம் போட்டிருந்தாங்க. அந்த லாக்கர்தான். கதவு லேசா தொறந்திருக்கு. உள்ள பாஸ்போர்ட்டுக்குப் பதிலா சின்னச் சின்ன ஆளுங்க, புஸ்தகம் அடுக்கின மாதிரி ஒருத்தன ஒட்டி ஒருத்தன் நிக்கறாங்க. எல்லாருக்கும் ஹெல்மெட். ஒருத்தனுக்கு மட்டும் நசீர் பாய் தாடி.

எழுத்து ஒண்ணுமில்ல. எழுதினா எந்த பாஷைன்னு தெரிஞ்சிடும்ல, புத்திசாலிப் பய. அந்த வழியா போனவன் எல்லாம் பல்லு விளக்கிக்கிட்டே நின்னு பாத்தான். யாரும் சிரிக்கல.

ஃபோர்மேன் வந்தாரு. மலையாளி, நல்ல மனுஷன்தான். படத்தப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு. "குமாரே, இது அடிச்சு மூடு"ன்னாரு.

பெயின்டர்னா இதான்.

3

ஊர்லயும் எனக்கு இதான் வேல, தெரியும்ல. ஆரோக்கியமும் நானும் செவுரு விளம்பரம் எழுதுவோம். சிமென்ட்டு, வேட்டி, ஜவுளிக்கட, கட்சி. எழுத்தும் மூஞ்சியும் ஆரோக்கியம். பார்டரும் கலர் ரொப்பறதும் நான். எழுத்து என் கையில குடுத்தா கட்சியே ஒடஞ்சிடும்னு சொல்லுவான் அவன்.

வெளியூர்க்காரனுக்குச் சொன்னா நம்ப மாட்டான், நம்ம ஊர்ல செவுத்துக்கு ரிசர்வேஷன் உண்டு. தேர்தலுக்கு ரொம்ப முன்னாடியே போயி, இந்தக் கட்சி, இந்த வட்டம், நாலு பக்கமும் புக்கிங்னு மூலைல எழுதிட்டு வந்துடணும். அப்பறம் அடுத்த கட்சிக்காரன் தொட மாட்டான். கட்டுனவருக்கே தன் வீட்டு செவுத்துல உரிமை கெடையாது. பாலக்கரைல ஒரு தடவ ஒரு தலைவரு மூஞ்சிய வரைஞ்சு முடிச்சப்பறம் ஆளு கட்சி மாறிட்டாருன்னு செய்தி வந்துச்சு. ஆரோக்கியம் அசரல. மீசையக் கொறச்சான், கண்ணாடி போட்டான், துண்டு கலர மாத்துனான், வேற தலைவரு ஆயிட்டாரு. நான் ஏணியிலயே உக்காந்து சிரிச்சேன்.

தேர்தல் தேதி அறிவிச்ச உடனே எல்லாத்தயும் அழிக்கணும்னு ரூல். அழிக்கறதுக்கு யாரக் கூப்புடுவாங்க? எழுதுன எங்களத்தான். நேத்து எழுதுனத இன்னிக்கு அழிப்போம். சுண்ணாம்புல தண்ணிய ரொப்பி ஒரே ஒரு கோட். மொத மழையில போன தேர்தல் பூரா எட்டிப் பாக்கும்.

அப்ப எங்களோட அப்பப்ப வர்றவருதான் செல்வண்ணன். ஸ்ரீரங்கத்துல கொள்ளிடக்கர பக்கம் வீடு. பாதாள சாக்கடை காண்ட்ராக்ட்ல வேல, நெரந்தரம் கெடையாது. வேல இல்லாத நாள்ல எங்களுக்கு ஏணி புடிப்பாரு, கலர் கலக்குவாரு. நான் ஏணி உச்சியில இருக்கும்போது லேசா ஆட்டி விட்டு, "டேய் குமாரு, பூகம்பம்டா"ம்பாரு. அந்த ஆளு புடிச்ச ஏணியிலேர்ந்து நான் விழுந்ததே இல்ல.

4

அவரு செத்தது மார்கழில. ஏகாதசி கூட்டம் வரப்போகுது, ஊர்பட்ட ஜனம் வரும், அதுக்குள்ள ஒரு தெருவுல சாக்கடை அடச்சுக்கிச்சு. தெரு பேரு வேணாம். காலைல செல்வண்ணனுக்கு சூப்பர்வைசர்கிட்டேர்ந்து ஃபோன். அமுதா அண்ணி, அவரு சம்சாரம், பக்கத்துல பாப்பாவுக்குத் தல பின்னிக்கிட்டு இருந்தாங்க. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசியிருக்காரு. "மிஷின் வர லேட்டாகும், நீ வந்து எறங்கிடு." அண்ணி காதால கேட்டது அது.

மூடியத் தொறந்து எறங்குனாரு. உள்ள விஷவாயு, மூச்சு விட முடியல. அவ்வளவுதான், இதுக்கு மேல நான் எழுத மாட்டேன்.

நான் அப்ப இங்க வந்துட்டேன். ஆரோக்கியம்தான் ஃபோன்ல சொன்னான்.

விசாரணைல சூப்பர்வைசர் சொன்னது: "யாரும் எறங்கச் சொல்லல சார். தண்ணி போட்டிருந்தான். அவனாத்தான் எறங்கினான்." செல்வண்ணன் குடிக்கவே மாட்டாருன்னு நான் பொய் சொல்லப் போறதில்ல. சேந்து குடிச்சவன் நான். ஆனா காலைல குடிக்கற ஆளு இல்ல. அப்படியே குடிச்சிருந்தாலும், போத தலைக்கேறினா மனுஷன் பாட்டுப் பாடுவான், ரோட்டுல விழுவான். எவனாவது சாக்கடையத் தொறந்து உள்ள போவானா?

அண்ணி ஏறாத ஆபீஸ் இல்ல. மனு குடு, மேல போ, கீழ போ, இந்த செக்‌ஷன் இல்ல, அம்மா நாளைக்கு வாங்க. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. எறங்குன்னு சொன்ன ஆளு, "நான்தான் சொன்னேன்"னு ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லணும். அதுக்கு மட்டும் எந்த ஆபீஸ்லயும் ஃபாரம் இல்லையாம்.

ஆரோக்கியம் ஒரு ஞாயித்துக்கெழம பூச முடிச்சுட்டு நேரா பெயின்ட் டப்பாவத் தூக்கிட்டு ஸ்ரீரங்கம் போயிட்டான். அண்ணன் செத்த அந்தத் தெரு முனைல பூட்டிக் கெடக்கற ஒரு கோடவுன் செவுரு. யாரும் ஒண்ணுக்குப் போகாம இருக்கறதுக்கு நாங்களே முன்னாடி ஒரு மூலைல அம்மன், மாதா, மசூதி மூணையும் வரிசையா வரைஞ்சு குடுத்திருந்தோம். அதுக்குப் பக்கத்துல காலியா கெடந்த எடத்துல செல்வண்ணன வரைஞ்சான். ஆளு ஒசரத்துக்கு. மேன்ஹோல்லேர்ந்து நெஞ்சு வரைக்கும் வெளிய வந்து, ஒரு கைய நம்மள நோக்கி நீட்டி, தூக்கி விடுங்கற மாதிரி. மாஸ்க் இல்ல, க்ளவுஸ் இல்ல. கீழ ஒரே வரி:

என்ன எறங்கச் சொன்னது யாரு?

வீடியோ கால்ல காட்டுனான். "எப்படிடா இருக்கு?"ன்னான். நான் வழக்கம் போல, "மூக்கு கொஞ்சம் பெருசு"ன்னேன். "அண்ணன் மூக்கே அதான்டா வெண்ண"ன்னான்.

அந்தப் படம் என்ன பண்ணிச்சு தெரியுமா? சூப்பர்வைசர் தெனமும் ஆபீஸ் போற வழி அதுதான். படம் வந்த மறுநாளேர்ந்து அவன் அந்தத் தெருவுல வரல. ரெண்டு தெரு தள்ளி, மார்க்கெட் வழியா, மாட்டு வண்டி லாரி நெரிசல்ல மாட்டிக்கிட்டு சுத்திப் போனான். ஊரே பாத்துச்சு. டீக்கடையில, "என்னப்பா, சாருக்கு இப்பல்லாம் காய்கறி வாங்கற வேலையா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணி கல்யாண மண்டபத்துல கூட்டற வேலைக்குப் போறவங்க. தெனமும் முனைல நின்னு அவன் வண்டி திரும்புறதப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவாங்களாம். பாப்பா ஸ்கூலுக்குப் போகும்போது செவுத்தப் பாத்து, "போயிட்டு வரேன்ப்பா"ன்னு கையாட்டிட்டுப் போகும்.

5

அப்பறம் தேர்தல் தேதி வந்துச்சு.

அழிக்கற வேலைக்கு ஆரோக்கியத்தத்தான் கூப்பிட்டாங்க, வேற யாரு இருக்கா. கூட ஒரு ஆபீசர், அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, அழிச்சப்பறம் ஒரு போட்டோ. கோடவுன் செவுத்துக்கு வந்தாங்க.

"இது என்னப்பா, கேள்வி எல்லாம் கேட்டிருக்கு?"

"கட்சி இல்ல சார். செத்துப் போனவரு."

"எழுத்து இருக்கக் கூடாதுப்பா. யாரு கேட்டாலும் கேள்வி கேள்விதான். மொத்தமா அடிச்சிடு. அந்தப் பக்கம் சாமி படத்துல மட்டும் கை வெச்சிடாத, எனக்கு எதுக்கு வம்பு."

சாப்பாட்டு நேரத்துக்கு அப்பறம் அடிக்கிறேன் சார்னு சொல்லிட்டு எனக்கு ஃபோன் பண்ணான். நான் அப்ப பதினெட்டாவது மாடில தொங்கிக்கிட்டு இருந்தேன். விஷயத்தக் கேட்டுட்டு என் வாயி சும்மா இருந்திருக்கலாம். "சாமின்னா அடிக்கச் சொல்ல மாட்டாருல்ல? அப்ப அண்ணன சாமி ஆக்கிடு. நீதான் கட்சித் தலைவரையே கட்சி மாத்துனவனாச்சே"ன்னேன்.

சிரிப்பான்னு பாத்தேன். அவன், "ஆமால்ல"ன்னான்.

வேல அரைமணி நேரம் கூட இல்லையாம். கேள்விய அழிச்சான். மேன்ஹோல் வட்டத்தச் சுத்தி இதழ் போட்டான், தாமரை ஆயிடுச்சு. நெத்தியில திருநீறு. தலைக்குப் பின்னாடி மஞ்சள்ல ஒரு வட்டம். அதுல கொஞ்சம் சர்ச் வாடை அடிக்கத்தான் செஞ்சுது, அவன் கத்துக்கிட்ட எடம் அது. நீட்டின கையில ஒரு கோடு கூட மாத்தலங்க. தூக்கி விடச் சொல்லி நீட்டின கை, பின்னாடி வட்டம் வந்த உடனே ஆசீர்வாதம் பண்ற கை ஆயிடுச்சு.

ஆபீசர் வந்து பாத்து, செருப்பக் கழட்டி ஓரமா விட்டு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாராம்.

நானும் ஆரோக்கியமும் அன்னிக்கு ஃபோன்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். அண்ணன் மூஞ்சி பொழச்சிடுச்சு. தேர்தல் முடிஞ்சா கேள்விய மறுபடி எழுதிக்கலாம். ப்ளான் அவ்வளவுதான்.

எவனுக்குத் தெரியும், மறுநாள் காலைல படத்துக்குக் கீழ ரெண்டு அரளிப்பூ இருக்கும்னு. அடுத்து விளக்கு. அடுத்து ஆட்டோக்காரங்க ஒரு மால. அப்பறம் யாரோ தகரத்துல ஒரு சின்னக் கூரை. செல்வண்ணன் அந்தத் தெருவுல வேல செஞ்சப்ப தாகத்துக்குத் தண்ணி கேட்டா, ஒரு மாடி வீட்டம்மா சொம்பத் தொட விடாம மேலேர்ந்து கையில ஊத்துவாங்களாம், அண்ணன் அதச் சொல்லி நடிச்சுக் காட்டிச் சிரிக்க வெப்பாரு. அதே சொம்புல அந்தம்மா வெள்ளிக்கெழம பால் கொண்டு வர்றாங்க. ஒரு பெரியவரு நின்னு, "ஏண்டாப்பா, இவர் எந்த க்ஷேத்திரம்?"னு ஆரோக்கியத்தயே கேட்டிருக்காரு. இவன், "உள்ளூர்தான் சாமி"ன்னிருக்கான்.

தேர்தல் முடிஞ்சு கேள்விய எழுதப் போனான். இப்ப அங்க கடை போட்டிருக்கற பூக்காரம்மாவே வெரட்டி விட்டிருக்காங்க. "சாமி காலடில என்னத்தடா கிறுக்க வர்ற?"

6

போன வாரம், நான் அந்த லாக்கர் படத்த அழிச்ச அன்னிக்கு சாயங்காலம், ஆரோக்கியம் வீடியோ கால் பண்ணான். பக்கத்துல அமுதா அண்ணி. நான் ஒளறுவாயன்ல, "என்ன அண்ணி, அண்ணன் பெரிய வி.ஐ.பி. ஆயிட்டாரு, சிபாரிசு பண்ணி எனக்கு பெயின்டர் விசா வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க"ன்னேன்.

அண்ணி சிரிக்கல.

"தம்பி, இன்னிக்கு அவன் வந்தான்."

"யாரு அண்ணி?"

"சூப்பர்வைசர். நேரா அந்தத் தெருவுலயே வந்தான். வண்டிய நிறுத்தினான். செருப்பக் கழட்டினான். கண்ண மூடிக் கும்பிட்டான். அந்தக் கை இருக்குல்ல, எம்புருஷன் கை, அதத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டான். அப்படியே நிம்மதியா போயிட்டான் தம்பி. நான் தொடப்பத்தப் புடிச்சுக்கிட்டு எதிர்ல நிக்கறேன், என்னயப் பாத்து லேசா சிரிச்சுட்டுப் போறான்."

அண்ணி ஃபோன ஆரோக்கியம் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டாங்க.

"அவன் சுத்திப் போயிட்டு இருந்தான் தம்பி. எந்த ஆபீஸ்லயும் எனக்கு பதில் சொல்லல. அவன் சுத்திப் போனான் பாரு, அது ஒண்ணுதான் எனக்குக் கெடச்ச பதிலு. அதயும் எடுத்துட்டீங்க."

திட்டல. திட்டியிருந்தா பரவால்ல. கணக்கு கேக்கற மாதிரி சாதாரணமா சொன்னாங்க.

"அழிச்சிடுங்க. கேள்விய எழுதுங்க"ன்னாங்க.

ஆரோக்கியம், "மூஞ்சியுமா அண்ணி?"ன்னான்.

"மூஞ்சி இருந்தா மறுபடி பூ வெப்பாங்க."

"பாப்பா தெனமும் டாட்டா காட்டுதே."

அண்ணி முந்தானையால ஃபோன் கண்ணாடியத் தொடச்சாங்க, அழுக்கே இல்ல அதுல. "அவளுக்கு நான் சொல்லிக்கிறேன்"ன்னாங்க.

அவங்க போனப்பறம் ஆரோக்கியம் ஃபோன எடுத்துக்கிட்டு தனியா வந்தான். "மாப்ள, நான் எப்படிடா அடிப்பேன்? என் பேரு ஆரோக்கியம். கழுத்துல செபமால. ஜனம் கும்புடற மூஞ்சியில நான் சுண்ணாம்பு அடிச்சா அது செல்வண்ணன் விஷயமாவா இருக்கும்? வேற விஷயமா ஆயிடும்டா. என் வீட்டு வாசலுக்கு வந்துடும்."

"நான் இருந்தா அடிச்சிருப்பேன்"ன்னேன்.

"நீ இருந்தா, ஆமா"ன்னான். வெச்சுட்டான்.

7

நான் இருந்தா அடிச்சிருப்பேனாம். என்ன ஒரு டயலாக்கு.

அன்னிக்குக் காலைல நடந்ததச் சொல்றேன். லாக்கர் படத்துக்கு மொத கோட் அடிச்சேன், நம்ம ஊரு கை, தண்ணியா. காஞ்ச உடனே உள்ளேர்ந்து அந்தச் சின்ன ஆளுங்க அத்தன பேரும் வரிசையா எட்டிப் பாத்தாங்க. தாடி கூடத் தெரிஞ்சுது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி, நம்மளும் என்னவோ பண்ணிட்டோம்னு. ஃபோர்மேன் வந்து பாத்தாரு. "குமாரே, இன்னொரு கோட்"ன்னாரு. சத்தம் போடல. அவரு பாஸ்போர்ட்டும் அதே லாக்கர்லதான் இருக்கு, எனக்குத் தெரியும்.

கெட்டியா அடிச்சேன் ரெண்டாவது கோட். மூலையெல்லாம் விடாம. நசீர் பாய் பல்லு விளக்கிக்கிட்டு வந்து நின்னு பாத்தாரு. படம் போட்டது யாருன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, வாய்க்கால்ல தண்ணியத் துப்பிட்டு, கை நகத்துல இருந்த கரிய மெதுவா கழுவிக்கிட்டு இருந்தாரு. இப்ப போயிப் பாருங்க, செவுரு பளிச்சுனு இருக்கு. என் ஆயுசுல அவ்வளவு சுத்தமா எந்த செவுத்தயும் நான் அடிச்சதில்ல.

நீங்க வெளிநாட்டு அனுபவம் கேட்டீங்க. இதான். போட்டோ கேட்டீங்க, அந்த செவுத்தத்தான் எடுத்து அனுப்பியிருக்கேன். ஒண்ணும் இருக்காது அதுல.

இத முடிச்சுட்டு அனுப்பலாம்னு பாத்தா கை வர மாட்டேங்குது. ஒரு வாரமா நான் ஆரோக்கியத்துக்கு ஃபோன் பண்ணல, அவனும் பண்ணல. பயம்தான். இன்னிக்கு வெள்ளிக்கெழம, எனக்கு லீவு. டீயப் போட்டுட்டு வந்து, கேலி கிண்டல் ஒண்ணும் சேக்காம, "செவுரு என்னடா ஆச்சு?"ன்னு மட்டும் மெசேஜ் போட்டேன். ரொம்ப நேரம் டைப்பிங்னு காட்டுச்சு, நின்னுச்சு, மறுபடி காட்டுச்சு. பெருசா என்னவோ எழுதி எழுதி அழிக்கிறான் போல. கடைசில வந்தது ஒரு வரிதான்:

"அண்ணியே பட்டப்பகல்ல சுண்ணாம்பு அடிச்சு கேள்விய எழுதிட்டாங்கடா, சூப்பர்வைசர் இன்னிக்கு சுத்திப் போனான்."